ஆறு பேரில் ஒருவர்

ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. ஸ்டுடியோ என்பதெல்லாம் போர்டோடு சரி. உள்ளே நடப்பது ஐ.டி. கார்டு போட்டோ, லேமினேஷன், ஃப்ளெக்ஸ் பேனர். கம்பெனிகளில் ஆள் எடுக்கும் மாதங்களில் ஒரே நாளில் நூறு, நூற்றைம்பது பேர் வந்து வரிசையில் நிற்பார்கள். பெரும்பாலும் தெற்கேயிருந்து வந்த பிள்ளைகள். ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி கிராப். "மொகத்த நிமித்து, காது தெரியணும், சிரிக்காத, அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே தட்டுவேன். மதியத்துக்குமேல் எனக்கு முகங்களே தெரியாது. வெள்ளைப் பின்னணியும் நாலு மூலையும்தான் தெரியும். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுவேன்.

இதைச் சொல்வது சாக்குச் சொல்வதற்காக இல்லை. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அவர் வந்தார்.

பக்கத்துக் கம்பெனி ஒன்றின் கேட்டில் செக்யூரிட்டியாக நிற்பவர். பிள்ளைப்பாக்கத்துக்காரர். நிலம் இருந்தவரை நெல் போட்டவர், இப்போது ஷிப்டு முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்க்கிறார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். டீக்கடையில் பார்த்தால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான் பழக்கம். அன்றைக்கு யூனிஃபார்மோடு வந்து மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய முருகர் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணாடி போட்ட ஃப்ரேம், பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றியிருந்தார்.

"ணா, முருகருக்குப் பின்னால எங்கப்பா கீறாரு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. முருகர் படத்தை மெதுவாக நகர்த்தினார். பின்னால் அட்டையோடு ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ இருந்தது. உள்ளங்கை அகலம். ஆறு பேர். நாலு பேர் நிற்கிறார்கள், இரண்டு பேர் குந்தியிருக்கிறார்கள். எல்லோரும் பனியனும் அரை டிரவுசரும். பின்னால் ஒரு கூடாரம், அதன் கயிற்றில் துவைத்த துணிகள். ஒருவன் கையில் அலுமினியக் குவளை. இன்னொருவன் யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பியிருக்கிறான், அவன் முகம் மட்டும் கலங்கியிருந்தது.

அவர் அப்பா பட்டாளத்துக்காரர். எழுபத்தோராம் வருஷத்துச் சண்டையில் இறந்துபோனவர். அப்போது இவர் அம்மா வயிற்றில். சண்டைக்குப் போன இடத்திலிருந்து அந்த மனுஷர் கடிதத்தோடு இந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார். கடிதத்துக்குப் பின்னாலேயே தந்தியும் வந்திருக்கிறது. அதற்கப்புறம் அந்த அம்மா படத்தை யாருக்கும் காட்டவில்லை. முருகருக்குப் பின்னால் வைத்து ஆணி அடித்துவிட்டு, ஐம்பது வருஷத்துக்குமேல் அதன் முன்னால் விளக்கேற்றியிருக்கிறார்.

"அம்மாவுக்கு முருக பக்தின்னு ஊரே சொல்லும்ணா. நானுங்கூட அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். போன வருஷம் படுத்த படுக்கையாக் கெடந்தப்பதான் சொல்லிச்சி. முருகருக்குப் பின்னால உங்கப்பன் கீறாரு, நான் போனப்புறம் எடுத்துப் பாத்துக்கோன்னு."

எடுத்துப் பார்த்தால் ஆறு பேர். இவர் அப்பாவின் முகத்தைப் பார்த்ததே இல்லை. கல்யாணப் படம் கிடையாது. வீட்டுக் காகிதங்கள் ஒரு பெருமழையில் ஊறிப்போயின. பெரியப்பா, மாமன், அந்த முகத்தைத் தெரிந்த எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"அமாவாசைக்கு அமாவாசை வேட்டிய மடிச்சி வெச்சிப் படைச்சிக்கினு கீறேன்ணா. மொகம் கெடயாது. ஆவணில பொண்ணுக்குக் கல்யாணம். மொத பத்திரிகைய எங்கப்பா மொகத்துக்கு முன்னால வெக்கணும். அவரை மட்டும் பெருசு பண்ணிக் குடுக்கணும். பின்பக்கம் அவரே கைப்பட எழுதிகீறாராம், இதுல தான் யாருன்னு. அப்போ தபால்காரர் அம்மாவுக்குப் படிச்சிக் காட்டினாராம். அட்டையோட ஒட்டிக்கினு கீதே, நீங்கதான் பாத்துப் பிரிச்சிப் படிச்சிச் சொல்லணும்."

கடைசியில் அவர் சொன்னதை இன்று எழுத்துப் பிசகாமல் என்னால் சொல்ல முடிகிறது. அன்றைக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு கம்பெனியின் எச்.ஆர். போனில் கத்திக்கொண்டிருந்தார், எண்பது கார்டு அன்று சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு இவரைப் பார்த்து "சரிப்பா, சரிப்பா, விட்டுட்டுப் போ" என்று கையைக் காட்டினேன். அவர் ஃப்ரேமை என் மேசைமேல் வைத்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் வேலையை எடுத்தேன். இங்கேதான் என் மண்டைக்கனத்தைச் சொல்ல வேண்டும். இந்தச் சாலையில் என்னைப்போல் பத்துப் பேர் கடை வைத்திருக்கிறார்கள். எல்லோரும் கம்ப்யூட்டரில் தொழில் கற்றவர்கள். நான் இருட்டறையில் கற்றவன். பேப்பரை மருந்தில் போட்டு, படம் மேலே வருவதைச் சிவப்பு விளக்கில் பார்த்தவன். அந்தக் காலத்துப் பேப்பர் பிரிண்டுக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. கழுவிக் கழுவித்தான் அது படமாகவே ஆனது. இந்த விஷயம் மற்ற ஒன்பது பேருக்கும் தெரியாது. அவர்களிடம் போயிருந்தால் பயந்துகொண்டு முதலில் ஸ்கேன் எடுத்திருப்பார்கள். பிரிக்கத் தெரியாது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று திருப்பியிருப்பார்கள். அவர்கள் திருப்பி அனுப்பியிருந்தால் அந்தப் போட்டோ பிழைத்திருக்கும்.

டிரேயில் தண்ணீர் ஊற்றி, அட்டையோடு போட்டோவை முக்கிவைத்துவிட்டு ஐ.டி. கார்டு வெட்டப் போனேன். அரை மணி நேரத்தில் அட்டை ஊறிக் கூழாகிவிட்டது. படம் துளிகூடக் கிழியாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அவ்வளவு சுத்தமாகப் பிரிந்ததைப் பார்த்து எனக்கு நானே "பலே" என்று சொல்லிக்கொண்டேன். சத்தமாகவே சொன்னேன்.

அப்புறம்தான் தண்ணீரைப் பார்த்தேன். நீலமாக இருந்தது.

ஊற்றுப்பேனா மை. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க நீலம் பரவி, ஆகாயம் மாதிரி வெறுமையாக இருந்தது. வரிகள் இருந்த இடத்தில் தேய்ந்த நிழல்கள். கடைசி வரியின் முடிவில், பேனாவை அழுத்தி எழுதியிருந்ததாலோ என்னவோ, ஒரே ஒரு சொல் மட்டும் தப்பியிருந்தது. நான்.

அந்த நிமிஷத்தில்தான் அவர் முந்தின நாள் சொன்னது எனக்குக் கேட்டது. என்ன செய்தேன் தெரியுமா? டிரேயைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்குப் பின்னாலிருக்கும் கால்வாயில் ஊற்றினேன். கூழான அட்டையையும் அங்கேயே எறிந்தேன். அந்த அட்டையிலாவது மை ஏறியிருக்குமா என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்கிற ஒரே நினைப்புதான்.

படத்தை உலர்த்தி, ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஆறு முகத்தையும் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தது நிஜம். அவர் ஃப்ரேமைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது. பிறகு நிற்கிறவர்களில் இரண்டாவது ஆளைக் கவனித்தேன். நல்ல களையான முகம், நேராகப் பார்க்கும் கண். காது இரண்டும் விடைத்திருந்தன. செக்யூரிட்டிக்கும் தொப்பிக்கு வெளியே காது விடைத்துத்தான் இருக்கும். இவர்தான், வேறு யாராக இருக்க முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டாள கிராப் வெட்டினால் யாருக்கும் காது விடைத்துத்தான் தெரியும். தினம் நூறு காதைப் பார்க்கிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரியாததுபோல் இருந்துகொண்டேன்.

மற்ற ஐந்து பேரையும் வெட்டினேன். பனியனுக்குப் பதில் ஒரு பட்டாள யூனிஃபார்மை எடுத்து மாட்டினேன், பின்னால் நீலத் திரை போட்டேன், முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கினேன். இறந்தவர் படம் என்றால் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். பழைய போட்டோவை ஒரு புது அட்டையில் ஒட்டி, பின்பக்கம் பழுப்புத் தாள் போட்டு மூடி, தனி ஃப்ரேம் செய்தேன். பின்பக்கத்தை யாரும் பார்க்கக் கூடாதில்லையா.

அவர் வந்தார். பெரிய படத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"இவருதானாணா? எழுதி இருந்துச்சா?"

"ரெண்டாவது ஆளுன்னு எழுதி இருந்துச்சிப்பா. அதுக்குள்ள மை போயிட்டுது. நல்லவேள, நான் படிச்சிட்டேன்."

வாய் கூசாமல் சொன்னேன். நல்லவேளை என்று வேறு சேர்த்துக்கொண்டேன். அவர் படத்தை மார்போடு வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். என்னைவிட மூன்று வயதுதான் சின்னவர். அந்தக் கையை இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பத்திரிகை வைக்கிற அன்று என்னைக் கூப்பிட்டார்கள். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன், அவ்வளவு கேவலமான காரணம். வீட்டுக் கூடத்தில் படத்துக்கு மாலை போட்டு, புது வேட்டி துண்டு வைத்து, வடை பாயசத்தோடு இலை போட்டிருந்தார்கள். முதல் பத்திரிகையில் மஞ்சள் தடவி அந்தப் படத்தின் முன்னால் வைத்தார் அவர். பெண் விழுந்து கும்பிட்டது. எழுந்து என்னைக் காட்டிச் சொந்தக்காரர்களிடம் சொன்னது: "எங்க தாத்தா மொகத்தக் கண்டுபுடிச்சிக் குடுத்தது இவங்கதான்." எனக்கு ஒரு டம்ளர் பாயசம் கொடுத்தார்கள். குடித்தேன்.

அவர் மட்டும் படத்தின் முன்னாலிருந்து நகரவில்லை. கற்பூரம் அணைந்தபிறகும் நின்றார். பிறகு மெல்ல, பழக்கமில்லாத வார்த்தையைச் சொல்லிப் பார்க்கிறவர்போல், "அப்பா" என்றார். ஐம்பத்து மூன்று வயசு ஆள். ஒரு தரம் சொல்லிவிட்டு, கூச்சமாகச் சுற்றிலும் பார்த்துவிட்டு, இன்னொரு தரம் சொன்னார்.

அதற்கப்புறம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. பகலில் வேலை இல்லாத நேரமெல்லாம் அந்த ஸ்கேனைத் திறந்து வைத்துக்கொள்வேன். முதலில் அவர் அப்பா யார் என்றுதான் தேடினேன். போகப் போக ஆறு பேரையும் பார்க்க ஆரம்பித்தேன். குவளைக்காரனுக்குக் கணுக்கால்வரை சேறு. குந்தியிருந்த ஒருவனுக்குப் பனியனில் பெரிய ஓட்டை, அதில் விரலை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் சண்டை என்றால் ஒரு மேப்பும் நாலு அம்புக்குறியும் போட்டிருக்கும். இதில் ஈரத் துணி காய்கிறது. இவர்களில் எத்தனை பேர் ஊருக்குத் திரும்பினார்கள் என்று தெரியவில்லை. அந்தப் பின்பக்கத்தில் மற்ற ஐந்து பேர் பெயரும் இருந்திருக்கலாம், எந்த இடம், எந்த நாள் என்றும் இருந்திருக்கலாம். ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்ததே. ஒருவருக்கு அப்பாவை இல்லாமல் செய்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆறு வீட்டு மனுஷர்களைக் கால்வாயில் ஊற்றியிருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவர் கொண்டுவந்தபோது அதை நான் உள்ளங்கை அகலத்துப் பழைய பிரிண்ட் என்று பார்த்தேன். அந்த அம்மாவுக்கு அது என்னவாக இருந்திருக்கும்? படத்தைப் பார்க்காமலே ஐம்பது வருஷம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த மனுஷி அவர். பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, எது தன் ஆள் என்று தெரியும். உலகத்திலேயே அது தெரிந்த ஒரே ஆள் போன வருஷம் போய்விட்டார். மிச்சம் இருந்தது அந்த மை.

ஜனவரியில் அவர் மறுபடியும் கடைக்கு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் குடியரசு தின விழாவுக்கு அவர் அப்பா படத்தைப் பெரிய பேனராக வைக்கப் போகிறார்களாம். அப்புறம் பள்ளிக்கூடச் சுவரில் நிரந்தரமாகவே ஒரு படம் மாட்டப்போகிறார்களாம். பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டுமே, நம் ஊரிலிருந்து இப்படி ஒருத்தர் போனார் என்று.

"எட்டுக்கு ஆறு போட்டுடலாமாணா? நல்லாத் தெரியணும்."

சரி என்று அனுப்பினேன். மதியம் ஃப்ளெக்ஸில் படத்தை ஏற்றினேன். பெயரை அடித்தேன். எட்டடியில் அந்த முகம் ஸ்கிரீனில் வந்து நின்றது. யாரோ பெற்ற பிள்ளை. வேறொருவர் பெயரைக் கீழே போட்டுக்கொண்டு என்னையே பார்த்தது. பிரிண்ட் பட்டனில் கை போகவில்லை. வீட்டுச் சுவரில் இருந்தவரை அது நானும் அவரும் சம்பந்தப்பட்ட பொய். பள்ளிக்கூடச் சுவரில் ஏறிவிட்டால் அது சரித்திரம். இன்னும் நாற்பது வருஷம் கழித்தும் பிள்ளைகள் அந்த முகத்துக்குத்தான் சல்யூட் வைப்பார்கள். போன் பண்ணி, "அந்த ஆறு பேர் போட்டோவ ஃப்ரேமோட எடுத்துக்கினு வாப்பா" என்றேன்.

வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஸ்குரூ டிரைவரை எடுத்து ஃப்ரேமைப் பிரித்தேன். பழுப்புத் தாளைக் கிழித்தேன். நான் ஒட்டிய புது அட்டையைப் பிளேடால் ஓரம் ஓரமாக, இந்தத் தடவை ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு, தண்ணீர் படாமல் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்கவே எல்லாவற்றையும் சொன்னேன். போன் பேசிக்கொண்டிருந்தது, முக்கிவைத்தது, காதைப் பார்த்துச் சொன்னது. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாததால் பிளேடைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

போட்டோவைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். அந்த ஒற்றைச் சொல்லை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்தார். தேய்க்கவில்லை, சும்மா வைத்திருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அந்தத் தண்ணிய எங்கணா ஊத்துன?" என்றார்.

இதுவரை என்னை வாங்க போங்க என்றுதான் பேசியிருந்தார். நான் பின்பக்கக் கதவைத் திறந்து காட்டினேன். கால்வாயில் பிளாஸ்டிக் கவரும் டீக் கப்பும் மிதந்துகொண்டிருந்தன. அவர் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து போட்டோவை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பேனர்ல பேரு மட்டும் போடு. படம் வாணாம், ஸ்கூல் சொவுத்துலயும் வாணாம். பொண்ணுக்கு இது தெரிய வாணாம்ணா. உழுந்து கும்புட்டுட்டுப் போயிருக்கு."

பெயர் மட்டும் போட்டு அடித்துக் கொடுத்தேன். பட்டாளத்து ஆபீசுக்கு நானே ஒரு கடிதமும் எழுதிப் போட்டேன், பழைய பதிவில் போட்டோ இருந்தால் அனுப்பச் சொல்லி. இன்னும் பதில் வரவில்லை.

குடியரசு தினத்தன்று விழாவுக்குப் போகாமல் இருக்க மனம் கேட்கவில்லை. பின் வரிசையில் நின்றேன். முடிந்ததும் அவரே வந்து வீட்டுக்கு வரச் சொன்னார். ஏன் கூப்பிட்டார் என்று தெரியவில்லை, அவர் சுபாவம் அப்படி. பொங்கலுக்கு வந்த பெண் இன்னும் அங்கேதான் இருந்தது, மாசமாக இருந்தது. கூடத்தில் அந்தப் படம் அதே இடத்தில் இருந்தது. புதுசாகப் பூ வைத்திருந்தது. நான் அவர் பக்கம் குனிந்து, "எடுத்துடட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

"வாணாம்ணா. அவரு வூட்டுல அவரு போட்டோ இருந்துதோ இல்லியோ. இருந்துட்டுப் போவட்டும்."

அவரு என்றார். பத்திரிகை வைத்த அன்று அதே இடத்தில் நின்று வேறு வார்த்தை சொன்னவர்.

பெண் காபி கொண்டுவந்தது. எனக்குக் கொடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "ஏம்ப்பா, பேனர்ல தாத்தா படம் போடல? எல்லாரும் கேட்டாங்க" என்றது.

அவருக்கு முகம் மாறிவிட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். கீழே பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அவ்ளோ பெருசு பண்ணா படம் கட்டங்கட்டமா ஒடையுதாம்மா. அண்ணன் சொன்னாரு."

இருவரும் என் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஆமாம்மா" என்றேன்.